பட்டரவாக்கத்தில் காலியாகும் இடம்

ரேகா என்ன படிக்கிறாள் என்று கேட்டால் முத்தாபுதுப்பேட்டையில் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். பக்கத்து வீட்டில் வக்கீலுக்கு என்பார்கள். தெருமுனை மளிகைக் கடையில் கலெக்டருக்கு என்பார்கள். அவளைப் பெற்ற கஜபதி, ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் வெல்டிங் பிடித்தவர், "ஜட்ஜுக்குப் படிக்குது" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அவள் படித்தது சட்டத் தத்துவமும் அரசியல் தத்துவமும். "அப்பா, நான் சட்டம் படிக்கலை. சட்டம்னா இன்னா, அதுக்கு நாம ஏன் கட்டுப்படணும், அதைப் படிக்கிறேன்" என்று ஒருமுறை உட்காரவைத்து விளக்கப் பார்த்தாள். கஜபதி கொஞ்ச நேரம் யோசித்தார். "அது இன்னான்னு இன்னுமா யாரும் கண்டுபுடிக்கலை?" என்று கேட்டார். அதோடு அவள் விளக்குவதை விட்டுவிட்டாள்.

அவளுக்கு இருந்த கேள்வி ஒன்றே ஒன்று. போலீஸ் இல்லை, கோர்ட்டு இல்லை, மீறினால் அபராதமும் இல்லை. அப்படிப்பட்ட விதிக்கும் மனிதர்கள் ஒழுங்காகக் கட்டுப்பட்டு நடக்கிறார்களே, அது எதனால்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் மூன்று வருடமாக முனைவர் பட்ட மாணவியாக இருந்தாள். கேள்வி நல்ல கேள்விதான். அதை வைத்துக்கொண்டு என்ன ஆய்வு செய்யப் போகிறாள் என்ற இடத்தில்தான் எல்லாம் நின்றுபோயிருந்தது. ஆய்வுக் குழு அவள் தலைப்பை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது. முதல் முறை, இதை நூறு பேர் எழுதியாகிவிட்டது என்றார்கள். இரண்டாம் முறை, எல்லாம் அந்தரத்தில் தொங்குகிறது, சொந்தமாகப் பார்த்த ஓர் எடுத்துக்காட்டுகூட இல்லை என்றார்கள். மூன்றாவது முறைதான் கடைசி. ஆகஸ்ட் மாதம் ஒரு புதன்கிழமைக்கு நாள் குறித்திருந்தார்கள். அன்றைக்கும் திருப்பினால் பதிவு ரத்து, மூன்று வருடப் படிப்பும் போச்சு. வீட்டுக்கு வந்து ஜட்ஜின் தகப்பனாரிடம் அதை எந்த வாயால் சொல்வது?

தினமும் காலை எட்டு ஐந்துக்கு ஆவடிக்கு வரும் மின்சார ரயிலில்தான் ரேகா சென்ட்ரல் போவாள். திருவள்ளூரில் கிளம்பி வருகிற வண்டி. வேப்பம்பட்டு, திருநின்றவூர் தாண்டுவதற்குள் பெண்கள் பெட்டியில் இருக்கையெல்லாம் நிரம்பிவிடும். ஆவடியில் ஏறுகிறவர்களுக்கு மிஞ்சுவது மேலே தொங்கும் கைப்பிடிதான். ஆனால் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள், பட்டரவாக்கத்தில் இறங்கிவிடுவார்கள். அதனால் ஆவடியில் ஏறியதும் எல்லோரும் செய்கிற முதல் காரியம், உட்கார்ந்திருக்கும் ஒருத்தியிடம் குனிந்து கேட்பது.

"எங்க எறங்குறீங்க?"

"பட்டரவாக்கம்."

"அப்ப எனக்கு."

"சரி."

அவ்வளவுதான், பத்திரம் பதிந்த மாதிரி. அந்த இடம் அவளுடையது. நடுவில் உயிர்த்தோழியே ஏறி வந்தாலும் சொன்னது சொன்னதுதான். தெரியாமல் எவளாவது குறுக்கே புகுந்து உட்கார்ந்துவிட்டால் பெட்டியே சேர்ந்து அவளை எழுப்பிவிடும். ரயில்வேக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. டிக்கெட் பரிசோதகர் வந்தால்கூட இதில் தலையிட மாட்டார்.

மே மாதம் ஒரு காலையில், குழு இரண்டாம் முறையாகத் திருப்பிய கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு கைப்பிடியில் தொங்கிய ரேகா, வழக்கம்போலக் குனிந்து "அப்ப எனக்கு" என்றாள். சொன்ன வாய் மூடவில்லை. அட, இதுதானே! மூன்று வருடமாகப் புத்தகம் புத்தகமாகத் தேடியது தினமும் காலையில் தன் வாயிலிருந்தே வந்துகொண்டிருந்திருக்கிறது. பட்டரவாக்கத்தில் இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றாமல் நின்றாள். பின்னால் இருந்தவள் முதுகில் தட்டி, "உக்காரப் போறீங்களா இல்லையா?" என்ற பிறகுதான் உட்கார்ந்தாள்.

அவளுடைய ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் கார்த்திகேசன் லேசில் சந்தோஷப்படுகிற ஆள் இல்லை. அவரே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நல்லா இருக்கும்மா. ஆனா குழுவுல ஒரு அம்மா இருக்காங்களே, அவங்க கேப்பாங்க. இது விதிதான்னு உனக்கு எப்படித் தெரியும், வெறும் நல்ல பழக்கமா இருந்தா என்ன பண்ணுவேன்னு. அதனால முதல்ல எழுது. ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டு எழுது. எழுதி அந்தப் பெண்கள்கிட்டயே காட்டு. ஆமா, இதான் எங்க விதின்னு அவங்க வாயால ஒத்துக்கட்டும். அப்புறம் உன்னை யாரும் அசைக்க முடியாது."

ரேகா இரண்டு மாதம் நோட்டும் கையுமாகத் திரிந்தாள். பெரம்பூரில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் சபீனாதான் அவளுக்கு வலதுகை. பெட்டியில் பாதிப் பேர் சபீனாவுக்குப் பழக்கம், மீதிப் பேரை அவள் பழக்கிக்கொள்வாள். காலியாகக் கிடக்கும் இடம் முதலில் வந்தவருக்கு. ஆள் இருக்கும் இடம், அந்த ஆளிடம் முதலில் கேட்டு வைத்தவருக்கு. எங்கே இறங்குகிறோம் என்பதைப் பொய் சொல்லக் கூடாது. சரி என்று சொன்ன பிறகு வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. கேட்டவர் தானே உட்கார வேண்டும், வாங்கிய இடத்தை இன்னொருவருக்குக் கைமாற்றக் கூடாது. முன்பு ஒருத்தி அம்பத்தூரில் ஏறும் தோழிகளுக்காக ஆவடியிலேயே நாலு இடம் கேட்டு வைத்து, குடுமிப்பிடிச் சண்டையாகி வந்த விதி இது. கைக்குழந்தைக்காரிக்குக் கேட்காமலே இடம் உண்டு. ஆறு விதி ஆயிற்று.

ஏழாவதும் ஒன்று எழுதினாள். அது வேம்புலியம்மாளைப் பற்றியது.

வேம்புலியம்மாள் சௌகார்பேட்டையில் ஒரு சாப்பாட்டு மெஸ்ஸில் காய் நறுக்குகிறவர். காலை ஒன்பதரை முதல் சாயங்காலம் வரை நின்றபடி வேலை. அவரும் ஆவடியில்தான் ஏறுவார். ஏறி, கதவிலிருந்து மூன்றாவது வரிசைப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். பட்டரவாக்கம் வந்ததும் அந்த வரிசையில் எழுந்திருக்கிறவள், யாராக இருந்தாலும், அவரைப் பார்ப்பாள். அவர் போய் உட்காருவார். எட்டு வருடத்துக்கு முன்னால் வில்லிவாக்கம் தாண்டும்போது முழங்கால் மடங்கி விழுந்தாராம். நாலைந்து பேர் தூக்கி உட்காரவைத்தார்களாம். தூக்கியவர்களில் ஒருத்திகூட இப்போது அந்த வண்டியில் வருவதில்லை. பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. சென்ட்ரல் வரைக்கும் அரைமணி நேரம். ஒரு நாளில் வேம்புலியம்மாள் பகலில் உட்காருவது அவ்வளவுதான்.

"மூன்றாவது வரிசையில் காலியாகும் இடம் வேம்புலியம்மாளுக்கு." இதை எழுதிவிட்டு ரேகா பேனாவைக் கடித்தாள். விதி என்றால் பொதுவாக இருக்க வேண்டும், ஆள் பேர் சொல்லக் கூடாது. அவள் படித்த படிப்பில் இதுதான் அரிச்சுவடி. ஒரு ஆளுக்கு என்று இருந்தால் அது சலுகை. சரி, பொதுவாக்கிப் பார்ப்போம் என்று "கால் வலி உள்ளவர்களுக்கு முன்னுரிமை" என்று மாற்றினாள். அது பொய். அந்தப் பெட்டியில் கால் வலிக்காரிகள் இன்னும் ஏழெட்டுப் பேர் உண்டு, அவர்கள் எல்லோரும் கேட்டு வைத்துத்தான் உட்காருகிறார்கள். "வயதில் மூத்தவர்களுக்கு" என்று போட்டால் அதுவும் பொய். வேம்புலியம்மாளுக்கு ஐம்பத்தாறுதான். எப்படித் திருப்பிப் போட்டாலும் வேம்புலியம்மாளைத் தவிர வேறு யாருக்கும் பொருந்தவில்லை. கடைசியில் அந்த வரியை ஒரே கோடாக அடித்தாள். ஆறு விதி கணக்காக, அழகாக இருந்தது.

'8.05 லேடீஸ்' என்று ஒரு வாட்ஸாப் குழு இருந்தது. அதில் ஆறையும் போட்டு, "நம்ம பெட்டில நடக்கறது இதுதானே?" என்று கேட்டாள். சாயங்காலத்துக்குள் அறுபத்தோரு கட்டைவிரல் உயர்ந்தன. வேம்புலியம்மாளிடம் இருப்பது பட்டன் போன், அந்தக் குழுவில் அவர் இல்லை. சபீனாவுக்குத் தலைகால் புரியவில்லை. நம்ம பெட்டிக்கே சட்டம் வந்துவிட்டது என்று கடைப் பிரிண்டரில் பெரிய எழுத்தில் எடுத்து, லேமினேட் பண்ணி, மறுநாள் கதவுப் பக்கம் ஒட்டியே விட்டாள். தினமும் அதே பெட்டி வராது, மாறி மாறி வரும் என்று இன்னும் மூன்று பிரதி பையில் வைத்திருந்தாள். "எங்க ரேகாக்கா எழுதுனது" என்று ஏறுகிறவளிடமெல்லாம் சொன்னாள். ரேகாவுக்குக் கூச்சமாகவும் இருந்தது, உள்ளுக்குள் குளிர்ந்தும் போனது.

புதன்கிழமைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, திங்கட்கிழமை காலை அது நடந்தது. மூன்றாவது வரிசையில் வித்யா உட்கார்ந்திருந்தாள். எஸ்டேட்டில் ஒரு பாக்கிங் கம்பெனிக்குப் போகிறவள். பட்டரவாக்கத்தில் எழுந்து வழக்கம்போல வேம்புலியம்மாளைப் பார்த்தாள். அவர் ஒரு அடி எடுத்து வைத்தார். அதற்குள் ரேஷ்மா நடுவில் வந்துவிட்டாள். ரேஷ்மா சேலத்துப் பெண். ஆவடியில் புது ஃபிளாட்டுக்குக் குடிவந்து இரண்டு மாதம், எழும்பூரில் கணினி வேலை.

"அக்கா, நான் உங்ககிட்ட ஆவடிலயே கேட்டனே. நீங்களும் சரின்னு தலையாட்டினீங்களே."

வித்யா உதட்டைக் கடித்தாள். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு எதற்கோ தலையாட்டியது நினைவு வந்தது. "ஆட்னேன்... ஆனா இது வேம்புலிம்மா எடம் பா."

"அவங்க கேட்டாங்களா?"

"அவங்க கேக்க மாட்டாங்க."

ரேஷ்மா கதவுப் பக்கம் கையைக் காட்டினாள். "ரெண்டாவது ரூல்ல முதல்ல கேட்டவங்களுக்குன்னு போட்டிருக்குங்க. நாலாவதுல, சரின்னு சொன்னா மாத்தக் கூடாதுன்னு. இவங்களுக்குன்னு எங்கயும் போடலையே." அவள் சண்டைக்காரி இல்லை. படித்ததைச் சொன்னாள். வித்யா இறங்க வேண்டிய அவசரத்தில் இறங்கிவிட்டாள். இடம் காலியாகக் கிடந்தது. சபீனா திரும்பி, "ரேகாக்கா, நீயே சொல்லு. எழுதுனது நீதான" என்றாள். பெட்டியே ரேகாவைப் பார்த்தது.

விதிக்கு விலக்கு இருக்கிறது என்று இங்கே சொன்னால், அறுபத்தோரு பேர் ஒப்புக்கொண்ட விதி முழு விதி இல்லை என்று ஆகிவிடும். நாளன்றைக்குக் குழுவுக்கு முன்னால் எதை வைத்துக்கொண்டு நிற்பது? கையில் இருப்பது இந்த ஆறுதான். மூன்றாவது முறை, கடைசி முறை.

"நான் நடக்கறதை எழுதினேன், அவ்வளவுதான்" என்றாள். குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. "தீர்ப்பு சொல்ல நான் யாரு?"

வேம்புலியம்மாள் எடுத்து வைத்த அடியைப் பின்னால் வைத்தார். "இன்னாத்துக்கு மே இத்தினி பேச்சு? கேட்ட பொண்ணு குந்தட்டும்." ரேஷ்மா கொஞ்சம் தயங்கி உட்கார்ந்தாள். வேறு யாராவது எழுந்து கொடுத்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும் ஒருத்தி கேட்டு வைத்திருந்தாள், ஐந்தாவது விதி கைமாற்றக் கூடாது என்றது. வேம்புலியம்மாள் கம்பியை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு சென்ட்ரல் வரை நின்றார். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. ரேகா பக்கத்தில் போய், "அம்மா, நீங்களும் ஆவடில ஒரு வார்த்தை கேட்டு வச்சிருங்களேன்" என்று மெதுவாகச் சொன்னாள்.

"எட்டு வருசமா வாயத் தொறந்து கேட்டதில்ல. குட்தாங்கோ, குந்தினேன். இப்ப போயி கேளுன்றியா?"

ரேகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புதன்கிழமை ஆய்வுக் குழு கூடியது. ரேகா நாற்பது நிமிடம் பேசினாள். ஆறு விதிகளையும் திரையில் காட்டினாள், அறுபத்தோரு கட்டைவிரலையும் காட்டினாள். இதற்கு முன் இரண்டு முறையும் வாயைத் திறக்காத உறுப்பினர் ஒருவர் தானும் தாம்பரம் வண்டியில் இப்படித்தான் இடம் பிடிப்பதாகச் சொல்லிச் சிரித்தார். கார்த்திகேசன் பயந்த அந்த அம்மையார் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எழுதினதுக்கு அப்புறமும் விதி அப்படியே இருக்கா? எழுதினதால எதுவும் மாறலையா?"

நேராக வந்து விழுந்தது கேள்வி. மாறிவிட்டது என்று சொல்லலாம். ஒரு வரியை நான் அடித்தேன், அதனால் ஒரு மனுஷி நிற்கிறார் என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்தது வரும், மறுபடி கடிதம் வரும். ரேகா மேசை மேலிருந்த தண்ணீரை ஒரு வாய் குடித்தாள்.

"முன்னைவிடக் கண்டிப்பா கடைப்பிடிக்கறாங்க மேடம்" என்றாள்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அம்மையார் திருப்தியாகத் தலையசைத்து எழுதிக்கொண்டார். தலைப்பு ஏற்கப்பட்டது. கார்த்திகேசன் படிக்கட்டில் நிறுத்தி, "முழுசா ஜெயிச்சிட்டே" என்றார். கஜபதி அன்று மாலை தெருவில் எல்லா வீட்டுக்கும் மைசூர்பாகு கொடுத்தார். "எம் பொண்ணு எழுதுன சட்டம் ரயில்ல ஓடிக்கினு கீது, ஆவடிலேர்ந்து சென்ட்ரல் வரிக்கும்" என்றார். ரேகா தன் துண்டைத் தட்டிலேயே திருப்பி வைத்தாள்.

வியாழக்கிழமை காலை அவள் ஒரு முடிவோடு ஏறினாள். மூன்றாவது வரிசையில் வித்யாவிடம் முதல் ஆளாகக் குனிந்து கேட்டாள். வித்யாவும் இந்தமுறை காதில் ஒன்றும் மாட்டாமல் "சரிக்கா" என்றாள். பட்டரவாக்கத்தில் வித்யா எழுந்ததும் ரேகா இருக்கையில் கையை ஊன்றிக்கொண்டு, "அம்மா, வாங்க" என்றாள். வேம்புலியம்மாள் அசையவில்லை. அசைந்தது பின்னால் நின்ற இன்னொருத்தி.

"நீங்க உக்காரலைன்னா அடுத்து கேட்டது நான். கைமாத்தக் கூடாதுன்னு நீங்கதான எழுதுனீங்க?"

"இல்ல, அந்த விதி எதுக்கு வந்துச்சுன்னா..." என்று ரேகா ஆரம்பித்தாள். பெட்டியில் யாருக்கும் அது எதற்கு வந்தது என்று கேட்க நேரமில்லை. சபீனாகூடத் தரையைப் பார்த்தாள். கேட்டவள் உட்கார்ந்தாள். அடுத்த நிறுத்தத்தில் ரேகா கதவுப் பக்கம் போய், நகத்தால் சுரண்டிச் சுரண்டி அந்தத் தாளைக் கிழித்தெடுத்தாள். அதனால் ஒன்றும் ஆகவில்லை. எல்லோர் போனிலும் அது இருந்தது.

அதற்கடுத்த வாரம் வேம்புலியம்மாள் பெட்டியில் இல்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்று ரேகா பயந்துபோனாள். வெள்ளிக்கிழமை சீக்கிரமே வந்து நடைமேடையைத் தேடியபோது, தண்ணீர்க் குழாயைத் தாண்டி, பொதுப் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் அவர் கைப்பையோடு நின்றிருந்தார்.

"ஏம்மா இங்க நிக்கிறீங்க?"

"ஆம்பளைங்க பொட்டில போறேன். நாலு நாளாச்சி."

"அங்க நெரிசல் தாங்க முடியாதே..."

"நெரிசல்தான். ஒருத்தன் எந்திரிச்சி எடம் குட்தான். கேக்கல, குட்தான். அங்க இன்னும் யாரும் எயுதி ஒட்டல."

"உங்களுக்கும் ஒண்ணு எழுதினேன்மா. ஏழாவதா. அப்புறம் நான்தான் அடிச்சிட்டேன். தப்பு பண்ணிட்டேன்."

வேம்புலியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கோபமா, பரிதாபமா என்று ரேகாவுக்குத் தெரியவில்லை. "என்னிய பத்தி எயுதுனியா? எங்கிட்ட கேக்கவே இல்லியே" என்றார். "அல்லார்கிட்டயும் நோட்ட தூக்கினு போயி கேட்ட. நான் பக்கத்துலதான நின்னுகினு இருந்தேன்?"

வண்டி வந்துவிட்டது. அவர் முழங்காலில் ஒரு கையை ஊன்றிப் பொதுப் பெட்டியில் ஏறினார். உள்ளேயிருந்து யாரோ கை கொடுத்தார்கள். ரேகா நடைமேடையில் ஓடி, கடைசி நொடியில் பெண்கள் பெட்டியில் தொற்றிக்கொண்டாள். அன்று அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

பட்டரவாக்கம் வந்தது. மூன்றாவது வரிசையில் வித்யா எழுந்தாள். எழுந்தவள், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, பழக்கத்தில் வேம்புலியம்மாள் நிற்கும் கம்பிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே ரேகா நின்றிருந்தாள். வித்யா ஒரு கணம் அவளையே பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.